நடிகர் வராத நாள்

காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கங்களில் நண்பர்கள் கூடிக் குறும்படம் எடுப்பது இன்று அரிய செய்தியன்று. கேமரா ஒருவருடைய இரவல். மொட்டை மாடி ஒருவர் வீட்டினது. மதியச் சோறு இன்னொருவர் வீட்டினது. ஆயினும் இத்தகைய முயற்சிகளுள் பல, பணம் தீர்ந்ததால் நிற்பதில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன நடிகர் வராததால் நின்றுவிடுகின்றன. கைப்பேசி அணைந்து கிடக்கும். அல்லது, பாதிப் படம் முடிந்த நிலையில் நாயகன் ஒட்ட முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பான். ‘பொறுப்பில்லாதவர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் நாம் வழக்கை முடித்துவிடுகிறோம். ஆனால், நடிகரை எப்படி நம்புவது என்ற இக்கேள்வியைத் தமிழ் மேடை நூறாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டது. அதற்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விடைகளையும் கண்டது.

முதல் விடை பாய்ஸ் கம்பெனி. தொழில்முறைக் குழுக்களின் வயதுவந்த நடிகர்கள் பாடத்தைப் பாடமாகச் சொல்வதில்லை, மேடையிலேயே வசனத்தை இட்டுக்கட்டுவார்கள், ஒத்திகைக்கு அடங்குவதில்லை. இந்த ஒழுங்கின்மையில் சலித்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தும் வழிக்குத் திரும்பினார். 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் அவர் ஆசிரியர். ஆறு வயதுச் சிறுவனாக அங்கே சேர்ந்த தி.க. சண்முகம் பின்னாளில் ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் அக்காலத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்.

சிறுவன் வராமல் போகமாட்டான். அவன் கம்பெனி வீட்டிலேயே உண்டு, உறங்கி, விழிப்பவன். எனவே நம்பகத்தன்மை முழுமையாகக் கிடைத்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் அந்தப் பிள்ளைகள். பள்ளிப்படிப்பு போயிற்று, வீடு போயிற்று, வாத்தியாரின் பிரம்பு மிஞ்சியது. மகரக்கட்டு உடைந்து குரல் மாறியதும், நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்ற பையன் மூலைக்குத் தள்ளப்பட்டான். தமிழ் மேடைக்கும் திரைக்கும் மாபெரும் கலைஞர்களைத் தந்தது அம்முறையே என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே கிடைத்த ஒழுங்கு, விலகிச் செல்ல வழியற்றவர்களிடமிருந்து பெற்ற ஒழுங்கு என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது விடை வடசென்னைக்கு அணித்தே பிறந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஊதியமின்றி நடித்த சபை அது. தீரர் சத்தியமூர்த்தியும் அதன் மேடையில் ஏறியவர். இங்கே எவரையும் பிரம்பால் நிறுத்த முடியாது. சம்பளத்தைப் பிடிக்கவும் முடியாது, சம்பளமே இல்லையே. சபை கண்ட வழி வேறு. நடிப்பது இழிவன்று, அது ஒரு கௌரவம் என்ற எண்ணத்தை உறுப்பினரிடையே வளர்த்தது. விடிய விடிய நீண்ட நாடகத்தைப் பம்மல் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். அதனை அழகியல் சீர்திருத்தம் என்றே நாம் வழக்கமாகப் படிக்கிறோம். மறுநாள் காலை நீதிமன்றமோ அலுவலகமோ செல்லவேண்டிய நடிகனுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

தமிழகத்தின் முதல் கதைப்படமும் இந்தச் சபையின் கைப்பிடித்தே நடந்தது. மோட்டார் உதிரிபாக வணிகரான ஆர். நடராஜ முதலியார் 1917–18 காலத்தில் ‘கீசக வதம்’ எடுத்தபோது கதைக்கு யோசனை சொன்னவர் பம்மல். எழுத்தில் துணைநின்றவர் சபையின் நடிகரும் வழக்கறிஞருமான ரங்கவடிவேலு. படம் 35 நாட்களில் முடிந்தது என்பர். அடுத்து வந்த ‘திரௌபதி வஸ்திராபரணம்’ படத்தில் மரியன் ஹில் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் திரௌபதியானார். குடும்பப் பெண்கள் கேமரா முன் வரத் தயங்கிய காலம் அது. பம்பாயில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ (1913) எடுத்த பால்கேவுக்கும் இதே இடர். உணவகத்தில் வேலைபார்த்த சாளுங்கே தாராமதியானார். பால்கேவின் மகனே லோகிதாசன். படக்குழுவினர் அனைவருக்கும் சமைத்துப் போட்டவர் அவர் மனைவி சரஸ்வதிபாய். அந்தப் படம் முடிந்ததில் அந்த அடுப்புக்கும் பங்குண்டு.

பணமில்லாத படத்துக்கு மிகச் சிறந்த பாடம் ‘பதேர் பாஞ்சாலி’. 1952 அக்டோபர் 27இல் தொடங்கிய படப்பிடிப்பு, பணம் வந்தபோது நடந்து, தீர்ந்தபோது நின்று, 1955இல்தான் நிறைவுற்றது. இடையில் அப்புவின் குரல் உடையலாம், துர்கா வளர்ந்துவிடலாம், முதியவரான சுனிபாலா தேவி இறந்துபோகலாம் என்று அஞ்சிக்கொண்டே இருந்தார் ராய். அம்மூன்றும் நேரவில்லை. ஆனால் மிட்டாய்க்காரராக நடித்தவர் பாதியில் இறந்துபோனார். அவரைப் போன்ற உடல்வாகுள்ள இன்னொருவரைத் தேடிப்பிடித்து, கேமராவுக்கு முதுகு காட்டி நடக்கவைத்துக் காட்சியை முடித்தார் ராய். பாய்ஸ் கம்பெனியின் மகரக்கட்டும் ராய் அஞ்சிய அப்புவின் குரலும் ஒன்றே. அங்கே பையன் தள்ளப்பட்டான். இங்கே படம் காத்திருந்தது.

இந்தப் பாடங்களைக் காலடிப்பேட்டைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட், நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய கோலெட்பேட்டையே மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. வேலைசெய்கிறவர்கள் குடியேறியதால் உண்டான ஊர். இன்றும் உழைப்பவர் ஊர். இங்கே நடிக்க வருகிறவர் ஆலையில் ஷிப்டு பார்ப்பவர், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர், கடலுக்குப் போகிறவர். இரவு ஷிப்டு முடித்து விடியலில் படுத்தவரை ஏழு மணிக்கு வரச்சொன்னது யார் பிழை? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் தடைக்காலத்தில் கரையில் நிற்கின்றன. மீனவ நண்பருக்கு நேரம் கிடைக்கும் பருவம் அது; வருமானம் அற்றுப்போகும் பருவமும் அதுவே. ஆகவே அப்போது அழைப்பவர் சிறுதொகை பேட்டாவேனும் கையில் வைத்துக்கொண்டு அழைப்பதே முறை.

மொத்தம் எத்தனை நாள் என்பதை முதலிலேயே சொல்வதும், எளிதில் விலகக்கூடியவரின் காட்சிகளை முதலில் எடுத்து முடிப்பதும், ஒருவர் வராவிடினும் நிற்காதபடி கதையை எழுதுவதும், பசிக்குச் சோறு போடுவதும் சிறு தந்திரங்களாகத் தோன்றலாம். அவற்றின் அடியில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. சம்பளமின்றி நண்பர்களைக் கூட்டிப் படம் எடுக்கும் நாம் சுகுண விலாச சபையின் வாரிசுகள். ஆனால் நடிகர் வராத காலைகளில் நம் வாயிலிருந்து வருவது கம்பெனி வாத்தியாரின் குரல். ஊதியம் தராதவர்க்கு அதிகாரமும் இல்லை. இலவசமாக வந்தவர் தந்தது தம் ஓய்வுநாளை. அது அவருடையது, திரும்ப எடுத்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு.

வாக்குக் கொடுத்தவர் அதைக் காக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஒருவர் வராததால் பத்துப் பேரின் ஞாயிறு பாழாகிறது என்பதும் உண்மை. ஆயினும் பிரம்பில்லாமல் ஒழுங்கு கிடைக்குமா என்ற கேள்விக்குச் சபை ‘கிடைக்கும்’ என்று நடத்திக் காட்டியது. வருகிறவரின் வாழ்க்கைக்குத் தக்கவாறு கலையை வளைத்தது. அதனால் அவர்கள் வந்தார்கள்.