வடக்கன்குளத்து இரட்டைக் கூடம்

நெல்லைச் சீமையின் தென்கோடியில், வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தைக் காண்போர் அதன் அமைப்பைக் கண்டு வியப்பர். ஒரே பீடத்திலிருந்து இரு கூடங்கள் காற்சட்டையின் கால்களைப்போலப் பிரிகின்றன. அழகு கருதியன்று; வேளாளரும் நாடாரும் தனித்தனியே அமர்வதற்காக 1870களில் எழுந்த அமைப்பு அது. அக்காலக் குருக்களும் இதற்கு இசைந்தனர் என்பதை நாம் மறைப்பதற்கில்லை. அதுவும் எந்த ஊரில்? சாதி பாராது பழகிய தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊரில்! (2022இல் அவர் புனிதராக உயர்த்தப்பெற்றார்.)

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இத்தகைய பிரிவினையைப் பொறாது வெளியேறி, 1794இல் பிலடெல்பியாவில் தமக்கெனத் தனிக் கோவில் கண்டனர். இங்கோ, பிரித்துவைத்த கோவிலே கூடும் இடமாயிற்று. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டது. உரிமை பறிபோயிற்று என்று சிலர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றனர். இன்று அனைவர்க்கும் ஒரே திருப்பலி. கவட்டு வடிவம் மட்டும் அப்படியே நிற்கிறது.