ஓப்பன் ஜா விமானச்சீட்டு

ஒரு நகரில் போய் இறங்கி, வேறொரு நகரிலிருந்து ஊர் திரும்பும் வகையில் ஒரே முன்பதிவாக வாங்கும் விமானச்சீட்டு. சென்னையிலிருந்து லண்டன் சென்று, பாரிஸிலிருந்து திரும்புவது இவ்வகை. இடைப்பட்ட தொலைவு பயணியின் சொந்தப் பொறுப்பு; யூரோஸ்டார் ரயிலில் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். முன்பதிவில் அந்த இடைவெளி ‘ஏஆர்என்கே’ என்ற குறியீட்டோடு நிற்கும்.

நெடுந்தூரத் தடங்களில் இரண்டு ஒருவழிச் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கினால் கட்டணம் எகிறிவிடுவதுண்டு. ஓப்பன் ஜாவிலோ, பொதுவாக இரு நகரங்களின் போகவரக் கட்டணத்தில் பாதி பாதியைக் கூட்டுகிறார்கள். தேடும்போது ‘மல்டி சிட்டி’ பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திசையை மாற்றியும் பார்ப்பது நல்லது. பிரிட்டனிலிருந்து புறப்படுவோரிடம் 1994 முதல் விமானப் பயணி வரி வசூலிக்கப்படுகிறது. லண்டனில் இறங்குவோருக்கு அது இல்லை. ஆனால் கடைசி நேர ரயில் கட்டணம் அந்த மிச்சத்தை விழுங்கிவிடக்கூடும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு இரு நாட்டு விசாக்களும் தனித்தனி என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரயன்ஏர், ஈஸிஜெட் போன்ற மலிவு நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் தனி விலை வைப்பதால், அங்கே இச்சீட்டுக்கு வேலையில்லை. முதல் விமானத்தில் ஏறாவிட்டால் திரும்பும் பயணமும் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.