அமேசான் ஆற்றில் கார்பனின் பயணம்: ஓர் ஆய்வு வரலாறு

உலக ஆறுகள் யாவும் சேர்ந்து கடலில் கலக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமேசான் ஆற்றினுடையது. அந்த நீரோடு காட்டின் கார்பனும் செல்கிறது. உதிர்ந்த இலை, மட்கிய மண், வேர்கள் வெளியிடும் வாயு ஆகியவற்றை மழைநீர் ஓடைக்குக் கொண்டுவருகிறது. ஓடை ஆற்றில் சேர்க்கிறது. இதற்குப் பிறகு அந்தக் கார்பன் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு 1970கள் வரை பொதுவாகச் சொல்லப்பட்ட விடை எளிமையானது: கடலுக்குப் போகிறது. ஆறு ஒரு குழாய் என்றே கருதப்பட்டது. அந்தக் கருத்து மாற ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. வெப்பமண்டலக் காடு வளிமண்டலக் கார்பனை உண்மையில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற பெரிய வழக்கும் அந்த மாற்றத்தோடு பின்னிக் கிடக்கிறது.

மூன்று நிற நீர்

அமேசான் படுகையின் ஆறுகள் நிறத்தால் வேறுபடுவதை அங்கு வாழும் மக்கள் எப்போதும் அறிவார்கள். ஆங்கிலேய இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1853இல் வெளியான தம் பயணநூலில், அவற்றை வெண்ணீர், நீலநீர், கருநீர் என்று பிரித்து எழுதினார். ஒரு நூற்றாண்டு கழித்து, ஜெர்மானிய நன்னீரியலாளர் ஹரால்ட் சியோலி அந்தப் பிரிவுக்கு வேதியியல் விளக்கம் தந்தார். ஆண்டீஸ் மலையின் வண்டலைச் சுமந்து வரும் சோலிமோயிஸ், மதெய்ரா ஆறுகள் வெண்ணீர். பழம்பாறை நிலங்களிலிருந்து வரும் தபஜோஸ், ஷிங்கு ஆறுகள் தெளிநீர். ரியோ நீக்ரோ கருநீர்.

கடுங்காப்பி போன்ற அந்தக் கருநிறத்துக்குக் காரணம் கார்பன்தான். மணற்பாங்கான மண்ணில் மட்கும் இலைகளிலிருந்து இறங்கும் சாறு, அதாவது மட்கு அமிலங்கள், நீரில் கரைந்து நிற்கின்றன. மனௌஸ் நகருக்கு அருகே ரியோ நீக்ரோவும் சோலிமோயிஸும் சேருமிடத்தில், கருநீரும் பழுப்பு நீரும் கலவாமல் பல கிலோமீட்டர் தூரம் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. சுற்றுலாப் பயணிகள் படகில் சென்று பார்ப்பது, ஒரு வகையில், கார்பனின் இரு வடிவங்களையே. ஒருபக்கம் கரைந்த கரிமப் பொருள். மறுபக்கம் வண்டல் துகளில் ஒட்டிக்கொண்ட கரிமப் பொருள். மூன்றாவது வடிவமான கார்பன் டை ஆக்சைடு வாயு கண்ணுக்குத் தெரியாது. கதையின் முக்கியப் பாத்திரம் அதுவே.

ஓபிடோஸில் எடுத்த அளவு

ஓர் ஆறு எவ்வளவு கார்பனைக் கொண்டுசெல்கிறது என்று அறிய இரண்டு எண்கள் வேண்டும்: ஒரு லிட்டர் நீரில் உள்ள கார்பன், ஒரு நொடியில் ஓடும் நீர். அமேசானைப் பொறுத்தவரை இரண்டாவது எண் 1963 வரை ஊகமாகவே இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையும் பிரேசில் கடற்படையும் பிரேசில் பல்கலைக்கழகமும் இணைந்து ஓபிடோஸ் என்ற ஊரில் அளவெடுத்தன. பரந்து கிடக்கும் ஆறு அங்கே சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கி, மிக ஆழமாக ஓடுகிறது. கிடைத்த எண் நொடிக்கு ஏறத்தாழ 2,16,000 கன மீட்டர். அதன்பின் வந்த கார்பன் கணக்குகள் பெரும்பாலும் ஓபிடோஸையே படுகையின் வாசலாக வைத்துக்கொண்டன.

காம்ரெக்ஸ்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ரிச்சி, 1980இல் சக ஆய்வாளர்களுடன் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், அமேசானின் கரிமப் பொருள் கடத்தப்படுவதோடு வழியிலேயே ஆக்சிஜனேற்றம் அடைவதையும் சேர்த்துக் கணக்கிட்டார். 1982இல் தொடங்கிய காம்ரெக்ஸ் திட்டம் அந்த எண்ணத்தின் தொடர்ச்சி. மனௌஸில் உள்ள தேசிய அமேசான் ஆய்வு நிறுவனமும் பிரசிகாபா நகரில் உள்ள வேளாண் அணு ஆய்வு மையமும் இதில் பங்காளிகள். பேராற்றின் சுமார் 2,000 கிலோமீட்டர் நீளத்தில், வெள்ளம் ஏறும்போதும் இறங்கும்போதும், அதே இடங்களுக்குத் திரும்பத் திரும்பச் சென்று மாதிரி எடுப்பதே அவர்கள் முறை. மனௌஸில் நீர்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாகப் பத்து மீட்டர் ஏறி இறங்குவதால், ஒரே ஒரு பயணத்தில் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. பத்தாண்டு உழைப்பின் பயன் இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது.

அளவுகள் ஒரு விந்தையைக் காட்டின. காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் இருக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடு ஆற்றில் கரைந்திருந்தது. நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்று சுவாசிப்பதே இதற்குக் காரணம். ஆக்சிஜன் குறைவது இதன் மறுபக்கம். வெள்ளச் சமவெளி ஏரிகளில் வாழும் பிரருக்கு என்ற பெருமீன் நீருக்கு மேலே வந்து காற்றை உள்ளிழுத்தே உயிர் வாழ்கிறது. மீனவர்கள் அதைக் குத்திப் பிடிப்பதும் அந்தத் தருணத்தில்தான். இவ்வளவு வாயு செறிந்த நீர், திறந்த சோடாவைப் போல, வழியெல்லாம் அதை இழந்துகொண்டே போகும். எவ்வளவு இழக்கிறது?

2002ஆம் ஆண்டின் கணக்கு

விடை சொல்ல நீரின் பரப்பு தெரிந்தாக வேண்டும். மேகமும் மரக்கிளையும் மறைக்கும் இடத்தில் சாதாரண செயற்கைக்கோள் படம் உதவாது. ஜப்பானின் ஜெர்ஸ்-1 செயற்கைக்கோள் ரேடார் அலைகளால் 1995இல் நீர் வற்றிய காலத்திலும் 1996இல் வெள்ளக் காலத்திலும் படுகையைப் படமெடுத்தது. காட்டுக்கு அடியில் தேங்கிய நீரும் அதில் தெரிந்தது. ஜான் மெலாக், லாரா ஹெஸ் ஆகியோர் உருவாக்கிய அந்த வெள்ள வரைபடத்தையும் காம்ரெக்ஸ் அளவுகளையும் இணைத்து, ரிச்சி குழு 2002இல் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டது. மத்திய அமேசானின் 17.7 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 1.2 டன் கார்பன் நீர்ப்பரப்பிலிருந்து காற்றுக்குத் திரும்புகிறது. முழுப் படுகைக்கும் விரித்தால் ஆண்டுக்குச் சுமார் 50 கோடி டன். ஆறு கடலில் சேர்க்கும் கரிமக் கார்பனைப் போல இது பத்து மடங்குக்கும் மேல்.

இந்த எண் ஏன் பரபரப்பூட்டியது என்பதற்கு முந்தைய பத்தாண்டைப் பார்க்க வேண்டும். காட்டின் மேல் கோபுரம் எழுப்பி, காற்றோட்டத்தில் கார்பன் ஏறி இறங்குவதை அளக்கும் முறை 1990களில் அமேசானுக்கு வந்தது. ரொண்டோனியா மாநிலக் காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 1 டன் உறிஞ்சுவதாக 1995இல் ஒரு குழு அறிவித்தது. மனௌஸ் அருகே ஏறத்தாழ 6 டன் என்று 1998இல் இன்னொரு குழு சொன்னது. காடு இவ்வளவு சேமிக்கிறது என்றால் அது எங்கே குவிகிறது? மரங்களின் பருமன் அந்த வேகத்தில் கூடவில்லை. கோபுரத்துக்குக் கீழே ஓடை வழியாகக் கார்பன் நழுவிப் போய், தொலைவில் ஆற்றிலிருந்து வாயுவாக வெளியேறுகிறது என்றால், வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகிவிடும். ரிச்சி குழு முன்வைத்த விளக்கம் அதுவே.

எவருடைய கார்பன்?

அடுத்த கேள்வி வயதைப் பற்றியது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டு சோதனைகள் காற்றில் கதிரியக்கக் கார்பனைக் கூட்டின; 1963க்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. அதனால் ஒரு செடி எந்த ஆண்டில் கார்பனை எடுத்தது என்பதற்கு அடையாளம் கிடைத்தது. எமிலியோ மயோர்கா குழு 2005இல் இந்தக் கடிகாரத்தைக் கொண்டு பார்த்தபோது, ஆறுகள் வெளியிடும் கார்பன் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கும் குறைந்த வயதுடையது என்று தெரிந்தது. காடு பழைய மண்ணை இழக்கவில்லை. அண்மையில் எடுத்ததைத் திருப்பித் தருகிறது. 2013இல், நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாதது என நம்பப்பட்ட லிக்னின் என்ற மரப்பொருளும் ஆற்றிலேயே வேகமாகச் சிதைவதாக நிக்கோலஸ் வார்டு குழு காட்டியது.

ஆனால் 2014இல் கிய்யோம் அப்ரில் குழுவின் கட்டுரை விளக்கத்தையே திருப்பியது. அவர்கள் கவனம் வெள்ளத்தில் நிற்கும் காடுகள் மீதும் மிதக்கும் புல்வெளிகள் மீதும் விழுந்தது. இவற்றின் இலைகள் காற்றில், வேர்கள் நீரில். காற்றிலிருந்து எடுத்த கார்பனை வேர்ச் சுவாசமாகவும் சருகாகவும் நேரே நீரில் இறக்குகின்றன. தம் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதியை இவை ஆற்றுக்குக் கொடுக்கின்றன. மேட்டுநிலக் காடு கொடுப்பதோ சில விழுக்காடு மட்டுமே. அப்படியானால் ஆற்றின் மூச்சை மேட்டுநிலக் காட்டின் செலவுக் கணக்கில் எழுத முடியாது. 2002இன் அளவு நிலைத்தது, அதன் பொருள் மாறியது. கோபுரக் கணக்குகள் கேட்ட கேள்விக்கு ஆறு தந்த விடை, அன்று தோன்றிய அளவுக்கு முழுமையானதல்ல என்பதே நியாயமான மதிப்பீடு.

குழாய் என்ற படிமம் மட்டும் திரும்பி வரவில்லை. 2013ஆம் ஆண்டு பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் அறிக்கை, உலகக் கார்பன் சுழற்சிப் படத்தில் நன்னீர்களிலிருந்து காற்றுக்குச் செல்லும் அம்பு ஒன்றை வரைந்து, அதன் மேல் ஆண்டுக்கு 100 கோடி டன் என்று குறித்தது. அதே ஆண்டு பீட்டர் ரேமண்ட் குழு ஓடைகளுக்கும் ஆறுகளுக்கும் மட்டுமே 180 கோடி டன் என மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம், சிற்றோடைகளில் எடுத்த அளவுகள் குறைவு என்பது.

அமேசானின் எண்களும் வெள்ளப் பரப்பை நம்பியே நிற்கின்றன. மனௌஸ் துறைமுகத்தில் 1902 முதல் நீர்மட்டம் குறிக்கப்படுகிறது. 2021 ஜூனில் அது 30 மீட்டரைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. 2023 அக்டோபரில் 13 மீட்டருக்கும் கீழே இறங்கியது. 2024இல் அதையும் விடத் தாழ்ந்தது. 1995, 1996இல் எடுத்த ரேடார் படத்தின் மேல் எழுப்பிய கணக்கு, இத்தகைய ஆண்டுகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைத்தான் இப்போது ஆய்வாளர்கள் அளந்துகொண்டிருக்கிறார்கள்.