பள்ளிக்கூடத் தோம்பு

மூதாதை ஒருவரின் தாய் தந்தையரைத் தேடுவோர் பள்ளிக்கூடத் தோம்பைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். ஒல்லாந்தர் எமது கரையோரத்தை ஆண்ட காலத்தில் (1658–1796) கிராமத்துப் பள்ளிக்கூடமே தேவாலயமாகவும் இயங்கியது. ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் இடாப்பில் பதிந்தவர் அவ்வூர் ஆசிரியர்.

வாரிசுரிமைக்கும் அரச பதவிக்கும் அந்தப் பதிவு உதவியதால், மனதால் மதம் மாறாத பௌத்தர்களும் இந்துக்களும்கூட ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆகவே, தோம்பிலுள்ள பெயரை வைத்து ஒருவரின் நம்பிக்கையைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் பெற்றோர் யார் என்பதை அறியலாம்.

முஸ்லிம்களாகிய நாங்கள் காணி வைத்திருந்த எமது மூதாதையரைத் தேட வேண்டியது காணித் தோம்பில். எஞ்சிய தோம்புகள் பல கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன.

ஆசிரியர்களே, நாங்கள் இன்று எழுதும் சேர்விடாப்பையும் நாளை யாரோ தேடி வருவார்கள். பெற்றோர் பெயரைப் பிழையின்றி எழுதுவோம்.