பள்ளியில் தொழிற்பாடம், விளையாட்டு: அந்தச் சான்றிதழ் எங்கே செல்லும், எங்கே செல்லாது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும். "மார்க் கம்மி, தொழில் பிரிவுல போட்டுடலாமா?" என்று ஒருவர் கேட்பார். "பையன் ஸ்டேட் லெவல்ல ஆடியிருக்கான், ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்குல்ல" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் கேட்டதை வைத்துத்தான் முடிவு எடுக்கப்படுகிறது.

தொழிற்கல்வி, விளையாட்டு என்ற இரண்டு வழிகளும் இந்தியாவின் அரசுப் பள்ளிகளில் உண்மையிலேயே இருக்கின்றன. இரண்டும் பலரைக் கரை சேர்த்திருக்கின்றன. ஆனால், கடைசியில் உங்கள் பிள்ளையின் கையில் இருக்கப்போவது ஒரு சான்றிதழ். அதை யார் கொடுத்தார்கள், எந்தப் பாடங்களோடு சேர்த்துக் கொடுத்தார்கள், எந்த மட்டத்துப் போட்டிக்குக் கொடுத்தார்கள் என்பதை வைத்தே அதன் மதிப்பு முடிவாகிறது. இந்த விவரம் பலருக்கு பிளஸ் டூ முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்க்கலாம்.

பள்ளித் தொழிற்கல்வி புதிதாக வந்ததா?

இல்லை. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழுவே மேல்நிலைக் கல்வியில் தொழிற்பிரிவு வேண்டும் என்று வலியுறுத்தியது. 1988இல் மத்திய அரசு இதற்கென நிதியுதவித் திட்டம் கொண்டுவந்தது. 1993இல் என்சிஇஆர்டியின் கீழ் போபாலில் மத்தியத் தொழிற்கல்வி நிறுவனம் அமைக்கப்பட்டது. 2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு, பள்ளியில் கற்கும் தொழில் எந்தப் படிநிலையைச் சேர்ந்தது என்பதற்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வந்தது. 2018இல் இந்தத் திட்டம் சமக்ர சிக்ஷாவுடன் இணைக்கப்பட்டது.

2020 தேசியக் கல்விக் கொள்கை, 2025க்குள் பள்ளியிலும் உயர்கல்வியிலும் படிப்பவர்களில் குறைந்தது 50 சதவீதம் பேருக்குத் தொழிற்கல்வி அனுபவம் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, புத்தகப் பை இல்லாமல் பத்து நாள் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் தொழில் பழகும் ஏற்பாட்டையும் அது சொன்னது.

ஆக, கொள்கைக்குக் குறைவில்லை. ஆய்வுக்கூடமும் கருவியும் நிரந்தரப் பயிற்றுநரும் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பல மாநிலங்களில் தொழிற்பாடப் பயிற்றுநர்கள் ஒப்பந்தத்தில் வருகிறார்கள். அதனால் பாடத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சேர்க்காதீர்கள். ஒருமுறை பள்ளிக்கு நேரில் போய் அந்த லேபைப் பாருங்கள்.

9, 10ஆம் வகுப்பில் இதனால் என்ன பயன்?

சிபிஎஸ்இ பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பம், செயற்கை நுண்ணறிவு, சில்லறை வணிகம், வாகனத் தொழில், அழகுக்கலை, விவசாயம் போன்றவை திறன் பாடங்களாக இருக்கின்றன. பொதுவாக ஐந்து முக்கியப் பாடங்களுக்கு மேல் ஆறாவது பாடமாக ஒன்றை எடுக்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 50, செய்முறைக்கு 50 மதிப்பெண்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய மூன்றில் ஒன்றில் தோற்று, திறன் பாடத்தில் தேறியிருந்தால், தோற்ற பாடத்துக்குப் பதிலாகத் திறன் பாடத்தை வைத்து முடிவை அறிவிக்க முடியும். பிள்ளை தேர்ச்சி பெற்றதாகிவிடும். ஒரு வருடம் வீணாகாது.

ஆனால், கணிதத்தில் தோற்று இப்படித் தேறிய மாணவர் பிளஸ் ஒன்னில் கணிதம் உள்ள பிரிவைக் கேட்டால் சிக்கல்தான். விரும்பினால் தோற்ற பாடத்தை மறுபடி எழுதவும் வாய்ப்பு உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், உங்கள் பிள்ளை எழுதும் ஆண்டுக்கான சுற்றறிக்கையைப் பள்ளியில் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பிளஸ் ஒன்னில் தொழிற்பிரிவு எடுத்தால் டாக்டர், எஞ்சினியர் ஆக முடியாதா?

இந்தக் கேள்விக்குக் கேரளா நல்ல உதாரணம். அங்கே 1983-84இல் தொழில்சார் மேல்நிலைக் கல்வி தனிப் பிரிவாகவே தொடங்கப்பட்டது. விவசாயம், கால்நடை, மீன்வளம், வாகனம், மின்னணுவியல் என்று தொழிற்பாடங்களின் பட்டியல் நீளமானது. ஆனால் தொழிற்பாடம் தனியாக வராது. ஆங்கிலத்தோடும் ஒரு பாடத் தொகுதியோடும் சேர்ந்துதான் வரும். ஒரு தொகுதியில் இயற்பியல், வேதியியல், கணிதம். இன்னொன்றில் இயற்பியல், வேதியியல், உயிரியல். வேறு தொகுதிகளில் வரலாறு, பொருளியல் அல்லது வணிகப் பாடங்கள்.

எம்பிபிஎஸ் சேர நீட் மட்டும் போதாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவை படித்திருக்க வேண்டும். உயிரியல் தொகுதியோடு கால்நடை சார்ந்த தொழிற்பாடம் படித்த மாணவி நீட் எழுதலாம். அதே தொழிற்பாடத்தை வேறு தொகுதியோடு படித்தவருக்கு அந்தக் கதவு நேரடியாகத் திறக்காது.

பொறியியலுக்கு நிலைமை சற்றுத் தளர்ந்திருக்கிறது. 2021-22இல் ஏஐசிடிஇ தளர்த்திய தகுதிப் பாடங்களின் பட்டியலில் தொழில்நுட்பத் தொழிற்பாடமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாநிலமும் தன் விதிப்படியே சேர்க்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி வழி உண்டு. எல்லா மாநிலத்திலும் அப்படி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆகவே பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்ன தொழில் சொல்லித் தருவீங்க?" என்பதல்ல. "அதோட கூட வர்ற மூணு பாடம் என்ன?" என்பதுதான்.

பட்டம் வேண்டாம், சீக்கிரம் வேலை வேண்டும் என்றால்?

இரண்டு வழிகளைப் பலர் தவறவிடுகிறார்கள்.

ஒன்று, பாலிடெக்னிக். பிளஸ் டூவில் தொழிற்பாடம் படித்தவர்கள் பொருத்தமான டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒரு வருடப் படிப்பும் அதற்கான செலவும் மிச்சம்.

இரண்டு, அப்ரன்டிஸ் பயிற்சி. 1961 தொழில் பழகுநர் சட்டம் 1986இல் திருத்தப்பட்டபோது, பிளஸ் டூ தொழிற்பிரிவில் தேறியவர்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பழகி, முடிவில் மத்திய அரசு அங்கீகரித்த சான்றிதழ் வாங்கலாம். இதற்குத் தேசிய அளவிலான இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பள்ளி உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, விளையாட்டுக்கு வருவோம்

அரசுப் பள்ளி விளையாட்டு என்றால் ஒரு பழைய கால்பந்தும் மழையில் நனைந்த மைதானமும் மட்டும் நினைவுக்கு வரலாம். ஆனால் நாட்டின் பெரிய பெயர்கள் சில அரசு உருவாக்கிய பள்ளி அமைப்பிலிருந்துதான் வந்தன.

1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. அங்கே சேர்ந்த சிறுமிகளில் ஒருவர் பி.டி. உஷா. பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார் அவரை அடையாளம் கண்டது அந்தக் காலத்தில்தான். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டவர், தெற்கு ரயில்வேயில் பணியாற்றியவரும்கூட.

திருவனந்தபுரத்தில் 1974இல் தொடங்கப்பட்ட ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இன்னொரு உதாரணம். ஹாக்கி கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ் அங்கே படித்தவர். தடகளத்துக்காகப் போனவரைப் பயிற்சியாளர்தான் ஹாக்கிப் பக்கம் திருப்பினார். டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். கேரளக் கல்வித் துறையிலேயே விளையாட்டுப் பொறுப்பிலும் அமர்ந்தார்.

நாடு முழுவதும் இந்த மரபைத் தாங்கும் போட்டிகளில் இரண்டு முக்கியமானவை. 1954இல் உருவான இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு, 14, 17, 19 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் தேசியப் பள்ளிப் போட்டிகளை நடத்துகிறது. 1960 முதல் பள்ளிகளுக்கான சுப்ரோதோ கோப்பை கால்பந்து நடக்கிறது. 2018இல் டெல்லியில் 'கேலோ இந்தியா பள்ளி விளையாட்டு' தொடங்கி, அடுத்த ஆண்டே இளையோர் விளையாட்டாகப் பெயர் மாறியது. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்கள் அதை நடத்தின. இந்தத் திட்டத்தில் தேர்வாகும் வீரர்களுக்குப் பயிற்சிச் செலவு போக, கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது.

'ஸ்போர்ட்ஸ் கோட்டா'வில் எந்தச் சான்றிதழ் செல்லும்?

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பீரோ நிறையக் கோப்பையும் சான்றிதழும் இருக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒன்றும் எடுபடாது.

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் விளையாட்டு வீரர்களை நியமிக்கும் விதிகளின்படி, பள்ளி மட்டத்தில் கணக்கில் வருவது முக்கியமாக ஒன்றுதான்: மாநிலப் பள்ளி அணிக்காக தேசியப் பள்ளிப் போட்டியில் ஆடியிருக்க வேண்டும். மாவட்டச் சாம்பியன், மண்டல அளவில் முதலிடம் போன்றவை இந்த விதியில் வரவே வராது. தனியார் அமைப்பு 'நேஷனல்' என்று பெயர் வைத்து நடத்தும் போட்டியும் அப்படித்தான்.

அடுத்தது படிவம். போட்டி நடத்தியவர்கள் மேடையில் கொடுத்த மெரிட் சான்றிதழ் மட்டும் போதாது. விதியில் நான்கு படிவங்கள் இருக்கின்றன. சர்வதேசப் போட்டிக்குத் தேசியக் கூட்டமைப்பும், தேசியப் போட்டிக்கு மாநிலச் சங்கமும், பல்கலைக்கழகப் போட்டிக்கு அதன் விளையாட்டு இயக்குநரும் கையெழுத்திட வேண்டும். பள்ளிப் போட்டிக்கு உரியது நான்காவது படிவம். அதில் மாநிலக் கல்வி இயக்ககத்தில் பள்ளி விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர் நிலை அதிகாரியின் கையெழுத்து வேண்டும். பத்து வருடம் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பழைய பதிவேட்டைத் தேடி அலைவதைவிட, ஆடி முடித்த அதே ஆண்டில் பள்ளி வழியாக வாங்கி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, விளையாட்டின் பெயர். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுகளின் பட்டியல் ஒன்று உண்டு. 2020இல் அது 43இலிருந்து 63ஆக விரிந்தது. கபடி, கோ-கோ அதில் இருக்கின்றன. உங்கள் பிள்ளையின் விளையாட்டு பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயதுத் தளர்வு ஐந்து ஆண்டு வரை உண்டு. ஆனால் பணிக்கு வேண்டிய கல்வித் தகுதி இருந்தே ஆக வேண்டும். ரயில்வே, காவல்துறை, மாநில அரசுகள் தங்களுக்கெனத் தனி விதிகள் வைத்திருக்கின்றன.

கல்லூரிச் சேர்க்கையிலும் கதவு திறக்கிறது. 2024-25இல் ஐஐடி மெட்ராஸ், இளநிலைப் படிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு கூடுதல் இடங்களை விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கியது. அதில் ஒன்று பெண்களுக்கு. ஆனால் ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் தேசிய அல்லது சர்வதேசப் பதக்கமும் வேண்டும். "விளையாடினா படிக்க வேண்டாம்" என்ற எண்ணத்துக்கு இங்கேயும் இடமில்லை.

தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால்?

சிபிஎஸ்இயில் இதற்கு வழி இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போகும் 10, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குப் பிறகு ஒரு நாளில் தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. ஆனால் இது தானாக நடக்காது. பள்ளி முன்கூட்டியே வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 75 சதவீத வருகை விதியிலும் இத்தகைய போட்டிகளுக்காகத் தளர்வு கேட்கலாம். மாநில வாரியப் பள்ளியில் படித்தால், இதே கேள்வியை ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியுமா?

முடியும். அதுதான் பாதுகாப்பானதும்கூட. விளையாட்டில் நம்பிக்கை வைக்கும் குடும்பங்கள் மறந்துவிடும் ஒன்று, காயம். பதினேழு வயதில் முழங்கால் போனால் எல்லாம் நின்றுவிடக் கூடாது. சிபிஎஸ்இ திறன் பாடங்களில் உடற்பயிற்சிப் பயிற்றுநர் என்றே ஒரு பாடம் இருக்கிறது. களத்தில் இருக்கும்போதே ஒரு தொழிலையும் கற்றுவிட்டால், ஆட்டம் நின்றாலும் பிழைப்பு நிற்காது.

அட்மிஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

1. தொழிற்பாடத்தோடு வரும் மற்ற பாடங்கள் எவை? பிள்ளை விரும்பும் பட்டப்படிப்புக்கு அவை போதுமா?

2. தொழிற்பாடத்துக்கான சான்றிதழை யார் கொடுப்பார்கள்? அதில் தேசியக் கட்டமைப்பின் படிநிலை குறிக்கப்பட்டிருக்குமா?

3. பயிற்றுநர் இப்போது பணியில் இருக்கிறாரா? கடந்த ஆண்டு செய்முறை வகுப்பு எங்கே நடந்தது?

4. பள்ளியின் அணி கடைசியாக எந்த மட்டம் வரை போனது? விளையாட்டுப் படிவங்களைப் பெற்றுத் தரும் பொறுப்பு யாருடையது?

5. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா? வயதுப் பிரிவுப் போட்டிகளில் இதில் ஒரு நாள் வேறுபாடு இருந்தாலும் கேள்வி எழும்.

மார்க் குறைந்ததால் தொழிற்பிரிவு, படிப்பு வராததால் விளையாட்டு என்று தள்ளிவிட்டால், பிள்ளையும் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். கையால் செய்வதில் ஆர்வமுள்ள, ஓடத் துடிக்கும் பிள்ளைக்கு இவை இரண்டும் முதல் தேர்வாகவே இருக்கலாம். அப்படி முடிவெடுத்தால், இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். பதில் தெளிவாக வரும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.