விதிவிலக்கு விதியான வரலாறு: சென்னைக் கட்டட மீறல்களும் வரன்முறைப்படுத்தலும்

1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், அனுமதிக்கு மாறாக எழுப்பப்பட்ட கட்டுமானத்தை அகற்றச் செய்யும் அதிகாரத்தைப் பிரிவு 56இன்வழி வழங்கியது. அதே சட்டத்தின் பிரிவு 113, எந்தக் கட்டடத்திற்கும் விலக்களிக்க அரசுக்கு இடந்தந்தது. சென்னைக் கட்டட மீறல்களின் பிற்கால வரலாறு இவ்விரு பிரிவுகளுக்கும் இடையிலான இழுபறியே எனலாம்.

1998இல் சேர்க்கப்பட்ட பிரிவு 113ஏ, கட்டணம் செலுத்தி மீறலை வரன்முறைப்படுத்திக்கொள்ள வழிசெய்தது. 28.02.1999 வரை கட்டப்பட்டவற்றுக்கே அது பொருந்தும். நுகர்வோர் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவை ஏற்றது. ஒருமுறை மட்டும் வழங்கப்படும் சலுகை என்பதே அவ்வேற்பின் அடிப்படை. ஆயினும் 2000, 2001, 2002ஆம் ஆண்டுகளின் திருத்தங்கள் காலவரம்பைத் தொடர்ந்து தள்ளிவைத்தன. இத்தள்ளிவைப்பே முதல் மீறலைவிடப் பெரிய விளைவு. அடுத்த வரம்பும் நீளும் என்று நம்பியவருக்குக் கட்டணம் கட்டுமானச் செலவுகளுள் ஒன்றாயிற்று; வரைபடப்படி இடம்விட்டுக் கட்டியவரோ தம் நிலத்தின் பயனை இழந்தவரானார். பிந்தைய திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் செல்லாதவையாக்கியது. மறு ஆண்டே, மீறல் கட்டடங்கள்மீதான நடவடிக்கையை நிறுத்திவைக்கும் அவசரச் சட்டம் வந்தது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட பிரிவு 113சி, 01.07.2007 வரை கட்டப்பட்டவற்றுக்கு மீண்டும் வழிதிறந்தது.

வணிகர் தரப்பு வாதத்தையும் புறந்தள்ள இயலாது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு அக்கட்டடங்களைச் சார்ந்திருந்தது. இடிப்பின் சுமை முதலில் கடைச் சிப்பந்திகள்மீதே விழும். ஆனால் கட்டணத்தால் ஈடுசெய்ய இயலாத மீறல்களும் உண்டு. தளப்பரப்புக் குறியீட்டின் மிகையைப் பணமாகக் கணக்கிடலாம். கட்டடத்தைச் சுற்றி விடவேண்டிய இடைவெளி அத்தகையதன்று. தீயணைப்பு வண்டி நுழைவதற்கான வழி அது. பணம் பெற்றுக்கொண்டதால் அவ்வழி அகலமாவதில்லை. வரன்முறைப்படுத்தல் பற்றிய விவாதங்கள் வருவாயையும் பிழைப்பையும் பேசிய அளவுக்கு இதனைப் பேசவில்லை.

2017 மே 31 அன்று தியாகராயநகரில் பல மாடி ஜவுளிக்கடைக் கட்டடம் ஒன்றில் பற்றிய தீ ஒரு நாளைக் கடந்தும் எரிந்தது. பின்னர் அக்கட்டடம் இடித்து அகற்றப்பட்டது. பிரிவு 113சியின்கீழ் வரன்முறைப்படுத்துவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை அரசு அடுத்த மாதம் வெளியிட்டது.