நம்ம ஆளுக எப்ப வந்தாக?

ஐந்தருவியில் சீசன் என்றால் எங்கள் தெருவுக்குத் தூக்கம் கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் போட்டுவிட்டுப் போகிற சீயக்காய்த் தாளையும் சோற்றுப் பொட்டலத்தையும் அள்ளுகிற கை எங்கள் கை. பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த தெரு இது. போன புரட்டாசியில், கூட்டம் ஓய்ந்த பிறகு, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு போட்டு நாங்களும் ஒரு பஸ் பிடித்தோம். விடியுமுன் கிளம்பி ராத்திரி திரும்புகிற ஒருநாள் சுற்றுலா. போன இடம் பாளையங்கோட்டை. தெருவில் பாதிப் பேர் வேதக்காரர்கள். ஊசிக்கோபுரக் கோயிலைப் பார்க்க வேண்டுமென்பது அவர்கள் ஆசை. மீதிப் பேருக்குப் பஸ்ஸில் போவதே ஆசை.

"தமிழ் எம்.ஏ. படிச்சவன்தான, வழி நெடுகச் சொல்லிக்கிட்டு வாடே" என்றார்கள். எந்தக் கோயிலை யார் எந்த வருசம் கட்டினார் என்று ஆரம்பித்தேன். முன் சீட்டில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "அது கெடக்கட்டும். அங்கெல்லாம் நம்ம ஆளுக எப்ப வந்தாக?"

அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் வாசலிலேயே தொடங்குகிறது. 1934 சனவரியில் தீண்டாமை ஒழிப்புப் பயணமாகக் காந்தி குற்றாலம் வந்தார். பேரருவிக்குப் போகிற வழி கோயிலைத் தொட்டுப் போவதால் தாழ்த்தப்பட்டவர்கள் அங்கே குளிக்கக் கூடாது என்று இருந்தது. அதைக் கேள்விப்பட்டு அவர் குளிக்காமலே திரும்பினார். இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். 'குளிக்க மாட்டேன்' என்று சொல்ல அவருக்கு ஓர் அருவி இருந்தது. நம் பாட்டன்மாருக்கு மறுப்பதற்குக்கூட அருவி இல்லை.

கூப்பிடு தூரத்தில் இருக்கிற செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர்ச் சீமை. 1936 நவம்பரில் அந்த அரசு தன் கோயில்களைத் திறந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் இருந்த குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் சட்டம் வர 1939 ஆயிற்று. அதுவும் அறங்காவலர்கள் சம்மதித்தால் திறக்கலாம் என்கிற சட்டம். நுழைவதை உரிமையாக்கிய சட்டம் 1947இல்தான் வந்தது. சாரலுக்கு எல்லைக்கல் தெரியாது. சாமிக்குத் தெரிந்திருக்கிறது.

பாவூர்சத்திரம் தாண்டும்போது பஸ்ஸில் பாட்டு உச்சத்தில் இருந்தது. அதைக் குறைக்கச் சொல்லிவிட்டு பஸ்ஸைப் பற்றியே பேசினேன். 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்த பிறகே, பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் பொது என்று சென்னை அரசு ஆணை போட்டது. பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவில் பஸ் முதலாளிகள் நம்மை ஏற்ற மறுத்தார்கள். ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். அதற்கப்புறம்தான் ஏறினோம். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள் ஆதிக்கச் சாதியினர். கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாத் தலைவர்களின் பெயரையும் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. பஸ் நம்மை ஏற்ற மறுத்த காலம் போய், நம் பெயர் எழுதிய பஸ்ஸில் அவர்கள் ஏற மறுக்கிற காலம் வந்தது. இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள்.

வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். "எந்த ஊரு?" என்றார் கடைக்காரர். "ஐந்தருவி." "ஐந்தருவில எந்தத் தெரு?" எங்கள் இளைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவைச் சொன்னோம். டீ வந்தது, பேச்சு வரவில்லை.

நெல்லை ஜங்ஷன் தாண்டி ஆற்றுப்பாலத்தில் பஸ் ஏறியது. 1843இல் சுலோசன முதலியார் தன் காசைப் போட்டுக் கட்டிய பாலம். அவர் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. பாலத்தை ஒட்டியதுதான் கொக்கிரகுளம். 1999 சூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க ஊர்வலமாய் வந்தவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டிய இடம். 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் தெருவில் அன்று ராத்திரி அடுப்பு எரியவில்லை. பாலத்தில் போகும்போது நான் எதுவும் சொல்லவில்லை. டிரைவரே பாட்டை நிறுத்தினார். பாட்டி கொண்டையில் இருந்த பூவை எடுத்து ஜன்னல் வழியே போட்டாள்.

பாளையங்கோட்டையில் இரண்டு கோயில் பார்த்தோம். முதலாவது, கிளாரிந்தா 1785இல் கட்டியது. அவர் தஞ்சாவூர்ப் பிராமண விதவை. 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அந்தக் கோயிலுக்கு ஊரில் வழங்குகிற பெயர் பாப்பாத்தியம்மாள் கோயில். ஞானஸ்நானத் தண்ணீரில் பழைய பெயர் கரைந்தது, சாதி கரையவில்லை. இரண்டாவது, ரேனியஸ் ஐயர் 1826இல் கட்டிய ஊசிக்கோபுரக் கோயில். திருநெல்வேலித் திருமண்டலத்தின் பேராலயம். அவர் நடத்திய பள்ளியில் வேளாளப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உட்கார மறுத்தார்கள். ரேனியஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கோபுரத்தின் உயரத்தைவிட இந்தப் பந்தியின் கதைதான் எங்கள் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது.

கோபுர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது வேதக்காரத் தாத்தா ஒருவர் கேட்டார்: "சாமி மாறியும் சாதி மாறலேன்னா, எம்பேரனுக்கு ஏன் எஸ்.சி. சர்டிபிகேட் இல்ல?" 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணையைச் சொன்னேன். இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது அது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் வழி திறந்தது. கிறித்தவருக்கும் முசுலிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை. தாத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "டீக்கடைக்காரனுக்குத் தெரிஞ்ச சாதி தாசில்தாருக்குத் தெரியமாட்டேங்குது, என்ன?"

கல்லுக்குத் தேதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை நம் கால் தொட்ட தேதியை யாரும் வைத்திருக்கவில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். உங்கள் தெருவில் முதலில் பஸ் ஏறியவர் யார், கோயிலுக்குள் முதலில் போனவர் யார், அருவியில் முதலில் நனைந்த தலை எது என்று கேளுங்கள். சொல்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் நோட்டை எடுத்து அன்றைய தேதியையும், ஐந்தருவி என்றும், எங்கள் தெருவின் பெயரையும் எழுதினேன்.